புதுப்பிப்பு: வேலூர் போர்வெல் தண்ணீரில் மூன்று வகைத் தேயிலையும் ஒரே சுவை, காரணம் தெரிந்தது

நீலகிரி, அசாம், டார்ஜிலிங் மூன்றையும் பால் விடாமல் போட்டால் ஒரே மாதிரி மங்கலாக இருக்கிறது, மேலே ஏடு மிதக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் இலையைக் குறைத்தேன், அப்புறம் ஊறும் நேரத்தைக் குறைத்தேன். டீ நீர்த்ததுதான் மிச்சம். "தண்ணீரை மாற்றிப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் பலித்தது. சத்துவாச்சாரியில் எங்கள் போர் தண்ணீர் குக்கரில் வெள்ளைப் படிவு விடும் அளவுக்குக் கடினம். அதிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையில் துவர்ப்பு தரும் பாலிஃபீனால்களோடு சேர்ந்துதான் அந்த ஏடு உருவாகிறது. இப்போது குழாயில் வரும் காவிரித் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைக்கிறோம்.

தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள் பின்பற்றும் ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேச அளவிலேயே இரண்டு தண்ணீரையும் ஒப்பிட்டேன்: 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம். காவிரித் தண்ணீரில் நீலகிரியின் பூ வாசம் தெளிவாக எழுந்தது. எனக்கு அதுதான் முதலிடம். டார்ஜிலிங் அந்த நேரத்துக்குத் துவர்த்தது, தினமும் குடிக்க 3 நிமிடம் போதும்.

எதிர்பாராதது அசாம். பால் விட்டபோது இரண்டு தண்ணீருக்கும் வித்தியாசமே பிடிபடவில்லை. அதனால் காலை பால் டீக்கு போர் தண்ணீரே போகிறது. இன்னொன்று, போர் தண்ணீர் டீயில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் ஏடு கரைந்து நிறமும் வெளுக்கிறது. வாசம் மட்டும் திரும்பாது.