கருப்பை கீழிறங்கியதற்கான அறுவைக்கு முன் சிறுநீர்ப்பைப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. இப்போது யூரோடைனமிக் பரிசோதனை (சிறுநீர்ப்பை எப்படி இயங்குகிறது என்று பார்ப்பது) வேண்டும் என்கிறார்கள். இருமினாலும் தும்மினாலும் அம்மாவுக்குச் சிறுநீர் கசிவதே இல்லை. பிறகு எதற்கு? வலிக்குமா?

பதில் 1: கசியாததால்தான் கேட்கிறார்கள், தங்கையே. இறங்கிய உறுப்பு, சிறுநீர் வெளியேறும் குழாயை மடக்கி வைத்திருக்கலாம். அதைத் தூக்கித் தைத்தபின் மறைந்திருந்த கசிவு வெளிப்படலாம். எனக்குப் பிறப்புறுப்பில் வளையம் வைத்து, இறங்கிய உறுப்பை மேலே தள்ளி, மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பையை நிரப்பி இருமச் சொன்னார்கள். கசிந்தது! அதற்கான சிகிச்சையைச் சேர்த்தே செய்வதா, பிறகு பார்ப்பதா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேச முடிந்தது. குழாய் நுழையும்போது சிறு எரிச்சல்; கூச்சம்தான் பெரிது. அம்மாவுடன் நீங்களும் போங்கள்.

பதில் 2: எல்லோருக்கும் இது கட்டாயமில்லை, ஏன் தேவை என்று தயங்காமல் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும்.