ஆவாரம்பூ மஞ்சள் பாசி நிறமாப் போகுது, கள்ளிப்பழச் சிவப்பு நிக்க மாட்டேங்குது

தங்கச்சிமடத்துக்காரி:
ரெண்டு வருசமா காடாத்துணியில படம் வரையிறேன். நாட்டுப்படகு, பனை, வலை காயுற மணல்தான் என் படங்கள். இந்தக் கரையில முளைக்கிறதை வச்சே இந்தக் கரையை வரையணும்னு ஆசை. தைப்பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிச்ச ஆவாரம்பூ ஒரு கூடை மிஞ்சுச்சு. அதுல தொடங்கினது.

முதுகுளத்தூர் பக்கம் அம்மா வீட்டு ஊருணித் தண்ணியில அதே பூவைக் கொதிக்கவச்சா பளிச்சுன்னு மஞ்சள். இங்க எங்க போர் தண்ணியில, சாயம் துணியில பிடிக்கப் படிகாரம் போட்டும் பாசி பிடிச்ச மாதிரி வருது. சங்குப்பூ ஊதாவும் இங்க பச்சையடிக்குது.

அதைவிட மனசு உடைஞ்சது சப்பாத்திக்கள்ளிப் பழத்துல. முள்ளை மணல்ல உருட்டித் தேய்ச்சு, பிழிஞ்சு, நாலு முழத்துல அந்தி வானம் வரைஞ்சேன். அப்படி ஒரு நிறம்! சன்னலோரம் மாட்டி பதினஞ்சே நாள்ல வானம் முழுக்கப் பழுப்பு. கோளாறு தண்ணியிலயா, என் கையிலயா? நிக்கிற சிவப்பு இங்க எதுல கிடைக்கும்?

சாயப்பானை (பரமக்குடி):
தங்கச்சி, கையில குறை இல்ல. கள்ளிப்பழம், பீட்ரூட், சங்குப்பூ மூணும் வெயில் தாங்காது. எத்தனை படிகாரம் போட்டாலும் நிக்காது. மத்தவங்க சொன்னாலும் நம்பாதீங்க.

தண்ணிக்கு ஒரு சோதனை இருக்கு. நாட்டு மருந்துக்கடையில கடுக்காய் வாங்கி, கொட்டையை எடுத்துட்டு, தோலை இடிச்சு ராத்திரி ஊறவைங்க. காலையில அந்த மஞ்சள் தெளிவை ரெண்டு கண்ணாடி டம்ளர்ல ஊத்தி, ஒண்ணுல மழைத்தண்ணி, இன்னொண்ணுல போர் தண்ணி விடுங்க. போர் தண்ணி விட்டது கருத்தா இரும்பு இருக்குன்னு அர்த்தம். ஆவாரம்பூவைப் பாசியாக்குறது அந்த இரும்புதான். சங்குப்பூ பச்சையாகுறது வேற, அது தண்ணியோட காரத்தன்மை. எலுமிச்சை பிழிஞ்சு பாருங்க, அதே தண்ணியில செவக்கும்.

பருத்தி படிகாரத்தை நேரா வாங்காது. 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய், காய்ஞ்ச பிறகு 15 கிராம் படிகாரம். இந்த வரிசை மாறக்கூடாது. கடுக்காய்ல ஊறின துணியில நீங்க கோடு போடுற கறுப்பும் கிடைக்கும்: துருப்பிடிச்ச ஆணியும் வெல்லமும் பானையில ரெண்டு வாரம் புளிச்ச தண்ணியைத் தூரிகையில தொட்டு இழுங்க, பட்ட இடம் கண்ணு முன்னாலயே கருக்கும்.

சிவப்புக்கு உங்க காலடியிலயே இருக்கு, இம்பூறல்ங்கிற சின்னச் செடியோட வேர். சாயவேர்னும் சொல்லுவாங்க. ஒரு காலத்துல இந்தக் கரைத் துணிகளோட சிவப்பு அதுலதான். அதுக்கு மழைத்தண்ணி வேண்டாம். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணியிலதான் அந்தச் சிவப்பு கெட்டிப்படும். உங்க ராமேஸ்வரம் தீவோட கிணறுகள் பவளப்பாறைச் சுண்ணாம்புல ஊறினதாச்சே. இரும்பு இல்லாத கிணறா மட்டும் பாருங்க. கை பொறுக்காத சூடு போதும்.

மணல்மேட்டுப் பையன் (மண்டபம்):
அக்கா, ஒரு வேண்டுகோள். வேருக்காகப் பிடுங்கினா செடியே போச்சு. மணலைப் பிடிச்சு வச்சிருக்கிறது இந்த மாதிரிச் சின்னச் செடிகள்தான். எங்க தெருவுல மருந்துக்குன்னு மொத்தமாப் பறிச்ச இடம் இப்ப வெறும் மணலா கெடக்கு, பாக்கவே கஷ்டமா இருக்கு. விதை எடுத்து, பழைய டிரம்முல மணல் நிரப்பித் தூவுங்க. வேர் நூல் கனம்தான் இருக்கும், சாயம் அந்த மேல்தோல்ல. ரெண்டு வருசம் விட்டாத்தான் நிறம் ஏறும். செடி தேடி ஆளில்லாத சின்னத் தீவுகள் பக்கம் போயிராதீங்க, 21 தீவும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, அனுமதி இல்லாம இறங்கக்கூடாது.

தங்கச்சிமடத்துக்காரி:
அக்கா, சோதனை பண்ணினேன். போர் தண்ணி விட்ட டம்ளர் மை மாதிரி ஆயிருச்சு! தென்னந்தோப்புக் கிணத்துத் தண்ணியில மஞ்சள் அப்படியே நின்னுச்சு. தம்பி, நீங்க சொன்னது சரி. தோப்பு வேலி ஓரம் எட்டுச் செடி பார்த்தேன், ஒண்ணை மட்டும் எடுத்தேன், மத்ததை விதைக்கு விட்டிருக்கேன். ஒரு செடி வேர்ல உள்ளங்கை அகலத் துணிதான் நனைஞ்சது. கடுக்காய், படிகாரம், கிணத்துத் தண்ணி. முதல்ல வெளிர் ஆரஞ்சு. ஒரு மணி நேரம் கழிச்சுப் புரட்டினா, மடிப்புக்குள்ள கெட்டியா ஒரு சிவப்பு. பாதியை அட்டையால மூடி, அந்திவானம் இருந்த அதே சன்னல்ல மாட்டியிருக்கேன். இன்னைக்கு இருபதாவது நாள், அட்டையைத் தூக்கிப் பார்த்தேன், ரெண்டு பாதியும் ஒண்ணாத்தான் இருக்கு. ஐப்பசி மழைக்கு முன்னாடி டிரம்முல விதை போட்டுரலாமா, இல்ல மழை விட்ட பிறகா?

மணல்மேட்டுப் பையன்:
முதல் மழை விழுந்ததும் தூவுங்க அக்கா. டிரம் அடியில ஓட்டை போட மறந்துராதீங்க.