கருவுக்கு '4பிபி' என்று கிரேடு போட்டிருக்கிறார்கள், நம்பி வைக்கலாமா?

மீனா (டர்பன்):
வணக்கம். வயது 36, இது முதல் ஐவிஎஃப் (லேபில் கருவை உருவாக்கும் சிகிச்சை). மூன்றாம் நாள் லேபிலிருந்து கூப்பிட்டு, ஒரு கரு 8 செல், நன்றாக இருக்கிறது, இன்னொன்று 6 செல், உள்ளே துணுக்குகள் இருக்கின்றன என்றார்கள். முதலாவது ஐந்தாம் நாளில் 4பிபி, மற்றது ஆறாம் நாளில்தான் 4பிசி ஆனது. இரண்டையும் உறைய வைத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் ஒன்றைக் கர்ப்பப்பையில் வைப்பார்கள். நாத்தனார் நெட்டில் பார்த்துவிட்டு, ஏஏ வந்தால்தான் நல்ல கரு, இதை வைத்துப் பயனில்லை என்கிறார். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) ஒரு ரேண்ட் தரவில்லை, எல்லாம் கைக்காசு. மறுபடி முட்டை எடுப்பதா?

லேப்காரன் (ஜோபர்க்):
தங்கச்சி, அவசரப்பட வேண்டாம். இது கார்ட்னர் முறை, ஐந்தாம், ஆறாம் நாள் கருவுக்குக் கிரேடு போடுவது. எண் 1 முதல் 6 வரை, கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு. 4 என்றால் உள்ளே நீர்க்குழி நிறைந்து, கரு பெரிதாகி, மேல் ஓடு மெலிந்துவிட்டது. முதல் எழுத்து குழந்தையாகப் போகும் செல் கூட்டத்துக்கு, இரண்டாவது நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிச் செல்களுக்கு. ஏ என்றால் செல்கள் நிறைய, நெருக்கமாக இருக்கும். பி என்றால் அதைவிடக் குறைவு, கொஞ்சம் தளர்வு. சி என்றால் மிகவும் சில. 4பிபி நாங்கள் தயங்காமல் வைக்கிற கரு. மைக்ரோஸ்கோப்பில் இரண்டு பேர் பார்த்தால் ஒருவர் ஏ என்பார், ஒருவர் பி என்பார், அவ்வளவு நெருக்கமான விஷயம் இது. குரோமோசோம் சரியா என்பது இந்தப் பார்வையில் தெரியவே தெரியாது. எதை முதலில் வைப்பது என்று வரிசைப்படுத்தத்தான் கிரேடு.

அகிலா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
எனக்கு ஏஏ வைத்தும் நிற்கவில்லை, அப்புறம் பிபி வைத்துத்தான் மகள் பிறந்தாள். அதனால் பிபிதான் ராசி என்று சொல்ல வரவில்லை, எழுத்தை வைத்து அழாதே என்றுதான் சொல்கிறேன். உறைநிலையிலிருந்து எடுத்த பிறகு கரு எப்படி விரிந்தது, கர்ப்பப்பை உட்சவ்வு எத்தனை மில்லிமீட்டர், இந்த இரண்டையும் வைக்கிற அன்று கேள்.

செல்வன்:
36 வயதுக்கு குரோமோசோம் டெஸ்ட் செய்துவிட்டே வைக்கலாமே?

லேப்காரன் (ஜோபர்க்):
செய்யலாம், ஆனால் கையில் இருப்பது இரண்டே கரு. உருக்கி, நஞ்சுக்கொடியாகும் பகுதியிலிருந்து சில செல்களை எடுத்து, மறுபடி உறைய வைக்க வேண்டும். டெஸ்ட் கருவைத் திருத்தாது, எதை வைக்கலாம் என்று மட்டும் சொல்லும். கரு நிறைய இருந்தாலோ, கரு கலைந்துகொண்டே இருந்தாலோ யோசிக்கலாம். இந்த நிலையில் நானாக இருந்தால் 4பிபியை வைத்துப் பார்ப்பேன், டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனா (டர்பன்):
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. மாமியாருக்கு இன்னொரு பயம், கரண்ட் போனால் கரு என்னாகும் என்று!

லேப்காரன் (ஜோபர்க்):
ஒன்றும் ஆகாது. மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனுக்குள் இருக்கிறது, அந்தத் தொட்டிக்குக் கரண்ட்டே தேவையில்லை. நைட்ரஜன் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும், அது லேபில் அன்றாட வேலை.