நகர்ற ஃபசாடுக்கு (கட்டட முகப்புக்கு) ஏஐ நிஜமாவே வேணுமா?

அரைகுறை_பிளான்:
பி.ஆர்க் கடைசி வருஷம், தீசிஸுக்கு ஒரு லைப்ரரி எடுத்திருக்கேன், மேற்குப் பக்கம் முழுக்க வெயிலுக்கு ஏத்த மாதிரி திறந்து மூடுற பேனல். கிராஸ்ஹாப்பர்ங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல மாடல் போட்டு, வெளிச்சமும் எனர்ஜியும் கணக்குப் போடற ஹனிபீ ப்ளக்-இன்ல சிமுலேஷன் ஓட்டினா ஒரு ஆப்ஷனுக்கே லேப்டாப் அரை மணி நேரம் மூச்சு வாங்குது. கைடு வேற "இதுல ஏஐ எங்க?"ன்னு கேக்கறார். சிமுலேஷனை விட்டுட்டு நேரா ஏஐக்குப் போயிடலாமா?

டி_ஸ்கொயர்:
விட்டுட்டா அது எதைப் படிச்சுக் கத்துக்கும் தம்பி? பேனல் அகலம், ஆழம், திறக்குற கோணம் எல்லாத்தையும் மாத்தி மாத்தி ஒரு சில நூறு கேஸை ராத்திரில ஓட விடு, அந்த ரிசல்ட்டை வெச்சு ஒரு சின்ன மாடலை ட்ரெயின் பண்ணு, சரகேட் மாடல்னு சொல்வாங்க, அப்புறம் புது ஆப்ஷன் எது குடுத்தாலும் நொடில பதில் வரும். ஆனா நீ காட்டின ரேஞ்சுக்கு வெளிய கேட்டா கூச்சமே இல்லாம தப்பு சொல்லும். கடைசில தேறின நாலஞ்சை ஹனிபீக்குப் பின்னாடி கணக்குப் போடற எனர்ஜிபிளஸ்லயும் (எனர்ஜிக்கு) ரேடியன்ஸ்லயும் (வெளிச்சத்துக்கு) திரும்பப் போட்டுப் பாத்தே ஆகணும்.

சைட்_தூசி:
எனக்கு ஒரு டவுட். அபுதாபி அல் பஹர் டவர்ஸ் 2012ல முடிஞ்சது, ஒரு டவருக்கு 1000க்கு மேல குடை மாதிரி விரிஞ்சு மடங்குற மஷ்ரபியா, அதாவது அரபு பாணி நிழல் தட்டி. சூரியன் எப்போ எங்க நிக்கும்னு கணக்குப் போட்டாலே தெரியும், அதை வெச்சுத்தான் ப்ரோக்ராம், காத்து பலமா அடிச்சா சென்சார் சொல்லி மாத்தும். இதுல ஏஐக்கு என்ன வேலை? எந்த டேபிள்ல ஆள் இருக்காங்க, யாருக்குக் கண் கூசுது, இதைக் கத்துக்கச் சொன்னா அர்த்தம் இருக்கு. அப்புறம் மோட்டாரை யார் பாத்துப்பா? பாரிஸ் அரபு உலக இன்ஸ்டிட்யூட்ல 1987லயே கேமரா கண்ணு மாதிரி 240 பேனல் வெச்சாங்க, நாளாக ஆக நிறைய அசையாம நின்னுடுச்சு.

டி_ஸ்கொயர்:
கரெக்ட். மேற்கு வெயில் தாழ்வா வரும், அதுக்கு சன்ஷேட் பத்தாது. முதல்ல அசையாத செங்குத்து ஃபின்னை (நிழல் தர்ற பட்டைப் பலகை) சாய்ச்சு வெச்சு சிமுலேஷன் ஓட்டு, உன் பேனல் அதை ஜெயிக்குதான்னு பாரு.

அரைகுறை_பிளான்:
ஓட்டிட்டேன் அண்ணா. என் பேனல் தினமும் மதியம் ரெண்டு மணிக்கு மூடி பொழுது சாயற வரைக்கும் திறக்கவே இல்ல 😭 காலைல மட்டும் திறந்து இருக்கு.

சைட்_தூசி:
அதுக்குப் பேரு ஜன்னல் கதவு ப்ரோ.

அரைகுறை_பிளான்:
இதை கைடுகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க.