பத்தாவது ஆள் வேண்டாம் என்ற முதலாளிகள்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தேக்காவாசி:
திருப்பூரில் மச்சானின் பவர்டேபிளில் (பனியன் தைக்கும் சின்ன யூனிட்) நானும் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். தீபாவளி லீவில் போனால் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, ஆனால் 9 பேர்தான். ஓவர்லாக் ஓட்டத் தெரிந்த ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். மச்சான் அட்டெண்டன்ஸ் நோட்டை விரல் வைத்து எண்ணிவிட்டு, "அடுத்த மாசம் வாம்மா" என்று அனுப்பிவிட்டார். 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), 20 ஆனால் பி.எஃப். (சேமநல நிதி), அப்புறம் ஆள் குறைந்தாலும் விடாதாம். ஓரத்தில் ஒரு மெஷின் துணி போர்த்திச் சும்மா நிற்கிறது, ஆர்டர் ஜாப் ஒர்க்குக்கு வெளியே போகிறது. எனக்கு ஆறவே இல்லை.

ஈசூன் ராணி:
சட்டமெல்லாம் சாக்கு. இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 விழுக்காடு, அதுக்கா ஆர்டரை விடுவாங்க? கரூரில் எங்க சித்தப்பா தறி வச்சிருந்தார். மூத்த பையன் சிங்கப்பூர் ஜூரோங்குக்கு வேலைக்கு வந்ததும் ஒரு ஷெட்டையே பூட்டிட்டார். பல வருஷமா இருக்கிற மேஸ்திரிகிட்ட சாவியைக் கொடுக்க மனசு வரல. மும்பைப் பக்கம் நெசவு ஆலைகளில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்விலும் இதேதான்: வீட்டில் எத்தனை ஆம்பளைங்களோ, ஆலையும் அந்த அளவுக்குத்தான் வளருது. (சித்தப்பா மகள் பி.காம். அவளைக் கேட்கவே இல்லை.)

பொங்கோல் அண்ணாச்சி:
ராணி, பயம் 3.25க்கு இல்லை, ஃபைலுக்கும் இன்ஸ்பெக்டருக்கும். நான் இங்கே சிங்கப்பூரில் சின்னக் கடை நடத்துகிறேன், வெளிநாட்டு ஆள் எடுக்க உள்ள கோட்டாவும் லெவியும் (தலைக்கு இவ்வளவு என்று கட்டும் தீர்வை) படுத்தும் பாடு தெரியும். சரி, என் கதை கிடக்கட்டும். தேக்காவாசி, மச்சானிடம் சொல்லுங்கள். சம்பளம் சனிக்கிழமைதோறும், பில் பணமோ மாதக்கணக்கில் இழுக்கும். கையில் காசில்லாமல் எவன் ஆள் சேர்ப்பான்? உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால், 45 நாளுக்குள் பணம் தராத கம்பெனி, தரும்வரை அந்தச் செலவை வரிக்கணக்கில் காட்ட முடியாது. 2024லிருந்து அப்படி. டிரெட்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் பில்லைப் போட்டு முன்கூட்டியே பணமும் வாங்கலாம். சம்பள மானியத்தை நம்பி ஆள் எடுக்க வேண்டாம். இலங்கையில் சிறு தொழில்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மானியம் நின்றதும் பழைய நிலைக்கே வந்துவிட்டது. நைஜீரியாவில் 2011இல் தொழில்திட்டப் போட்டி வைத்து, ஜெயித்தவர்களுக்குச் சராசரியாக 50,000 டாலர் முதலாகவே கொடுத்தார்கள். மூன்று வருஷம் கழித்தும் 10 பேருக்குக் குறையாமல் வைத்திருந்தவர்கள் அவர்களில்தான் அதிகம்.

தேக்காவாசி:
அண்ணாச்சி, உத்யம் எல்லாம் எப்போதோ எடுத்தாச்சு. ராணி, எங்கள் வீட்டில் சாவி அக்கா இடுப்பில்தான். அப்படியும் 9 பேர்தான்.