மான்டெவெர்டியின் 'ஆர்ஃபியோ': அப்போலோ வந்தது சரியா?

யாழ்ப்பித்தன்:
நேற்று இரவு மான்டெவெர்டி இசையமைத்த 'ஆர்ஃபியோ' ஓபராவை (பாடியே நடிக்கும் இசை நாடகம்) மறுபடி முழுதாகக் கேட்டேன். கடைசி அங்கத்தில் அதே வருத்தம். பாம்பு கடித்து இறந்த மனைவி யூரிடிசியை மீட்கப் பாதாளம் வரை போன பாடகன் ஆர்ஃபியோ, திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையை மீறி அவளை இரண்டாம் முறையும் இழக்கிறான். 'நரகத்தை வென்றவன் தன் மனசிடம் தோற்றான்' என்று நான்காம் அங்கத்தின் முடிவில் கோரஸ் பாடுகிறது. அதன் பிறகு அவன் அப்பாவான சூரியக் கடவுள் அப்போலோ மேகத்தில் இறங்கி வந்து மகனை வானுலகுக்குக் கூட்டிப் போனால், அந்தத் தோல்விக்கு என்ன அர்த்தம்? 1607இல் இத்தாலியின் மான்டுவாவில் அரங்கேறியபோது அச்சிட்ட ஸ்ட்ரிஜ்ஜோவின் பாடல் நூலில் அப்போலோவே கிடையாது. மதுக் கடவுள் பாக்கஸின் வெறிகொண்ட பெண்கள்தான் வருகிறார்கள். எனக்கு அதுதான் முடிவு.

தென்றல்வாசி:
ஐயா, அந்த முடிவுக்கான இசை ஒரு வரிகூட இன்று நம் கையில் இல்லை. 1609இல் வெனிஸில் அச்சான இசைப்பிரதியில் இருப்பவர் அப்போலோ. அவர் பரிசு கொடுக்கவும் வரவில்லை. 'கோபத்துக்கும் துயரத்துக்கும் ஏன் இப்படி இரையாகிறாய், மகனே?' என்று கண்டிக்கத்தான் வருகிறார். அவள் கண்களை இனிப் பார்க்கவே முடியாதா என்று மகன் கேட்கிறான். சூரியனிலும் நட்சத்திரங்களிலும் அவள் சாயலைக் காணலாம் என்கிறார். அவ்வளவுதான். யூரிடிசி கிடைக்கவில்லையே, இதையா சுபமான முடிவு என்கிறீர்கள்?

கடைசிவரிசை:
அச்சுப்பிரதியின் காணிக்கை உரையில் மான்டெவெர்டியே 'குறுகிய மேடை' என்று குறிப்பிடுகிறார். தெய்வம் மேலிருந்து இறங்க இயந்திரம் வேண்டும். இடம் போதாமல் முதலில் அப்போலோவை விட்டிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

யாழ்ப்பித்தன்:
'இருக்கலாம்' போதாது. வானேறிய பிறகு வரும் மொரெஸ்கா நடனத்தைக் கேளுங்கள். அந்தக் குதியாட்டம் பாக்கஸின் பெண்களுக்குத்தான் பொருந்தும். பழைய முடிவின் மிச்சம் என்றே எனக்குப் படுகிறது. அவனைக் கிழித்தெறிகிறார்கள், தலை பாடியபடியே ஆற்றில் மிதக்கிறது. அந்தத் துணிச்சல் எங்கே?

தென்றல்வாசி:
நீங்கள் சொல்வது ரோமக் கவிஞர் ஓவிட் எழுதிய கதை. ஸ்ட்ரிஜ்ஜோவின் நூலில் ஆர்ஃபியோ தப்பி ஓடிவிடுகிறான். அந்தப் பெண்கள் பாக்கஸைப் பாடிக் கொண்டாடுவதோடு முடிகிறது.

மூன்றாம் அங்கத்தை நினைத்துப் பாருங்கள். பாதாள ஆற்றின் படகோட்டி கேரோன் முன்னால் நின்று ஆர்ஃபியோ பாடுகிறான். முதல் சரணத்துக்கு இரண்டு வயலின், அடுத்ததற்கு இரண்டு கார்னெட்டோ (பழைய ஊதுகருவி), பிறகு ஹார்ப். எளிய வரியையும், சங்கதிகள் நிறைந்த வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாகவே அச்சிட்டிருக்கிறார்கள். இத்தனை பாடியும் கேரோன், கேட்க இனிமைதான், ஆனால் இரக்கத்துக்கு இங்கே இடமில்லை என்கிறான். அப்புறம் தூங்கிப் போகிறான், ஆர்ஃபியோ தானே படகில் ஏறுகிறான். கெஞ்சலுக்காகப் பாடிய அந்த மாதிரிச் சங்கதிகளை, கடைசியில் அப்பாவோடு சேர்ந்து எதையும் கேட்காமல் பாடுகிறான். நான் உருகுவது அந்த இடத்தில்தான்.

யாழ்ப்பித்தன்:
ஓவிட்டைக் கலந்துவிட்டேன், சரி. ஆனால் ஐந்தாம் அங்கத் தொடக்கத்தில் அவன் திரேஸ் வயல்வெளியில் தனியாகப் புலம்ப, எதிரொலி மட்டும் கடைசி அசைகளைத் திருப்பிச் சொல்கிறதே, அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று இன்னும் தோன்றுகிறது. இன்றிரவு அந்த எதிரொலியையும், அப்பா மகன் பாட்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டுவிட்டு வருகிறேன்.