உள்ளேயே வேறு துறைக்கு விண்ணப்பம்: ஒரே கவர் லெட்டரை எப்படி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது? உதவி தேவை

முதுநகர் ஸ்டோர்ஸ் (வியாழன் இரவு)

எல்லாருக்கும் வணக்கம். பாண்டிச்சேரி பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் 6 வருஷமாக ஸ்டோர்ஸில் இருக்கிறேன், கடலூர் ஓ.டி.யிலிருந்து (முதுநகர்) தினமும் கம்பெனி வேனில் போய் வருகிறேன். இந்த வாரம் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் என்று 3 காலியிடம் அறிவித்திருக்கிறார்கள்: பர்ச்சேஸ், பிளானிங், க்யூஏ டாக்குமென்டேஷன் (தர உறுதிப் பிரிவின் ஆவண வேலை). அறிவிப்பில் கேட்டிருக்கும் தகுதி மூன்றுக்குமே எனக்கு இருக்கிறது. கடைசி நாள் வரும் புதன்.

பிரச்சினை கவர் லெட்டர்தான். போன முறை இதே மாதிரி இரண்டு இடத்துக்குப் போட்டேன். ஒரே கடிதத்தில் துறை பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன், அதிலும் ஒரு கடிதத்தின் கடைசிப் பத்தியில் அடுத்த துறையின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. எச்ஆரிலிருந்து போன் செய்து சொன்னார்கள். இரண்டிலுமே இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடவில்லை. அன்றைக்கு வேனில் வீடு வந்து சேரும்வரை நான் யாரிடமும் பேசவில்லை.

அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் சொன்னால் இதுதான்: "மதிப்பிற்குரிய ஐயா, நம் நிறுவனத்தில் 6 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கடினமாக உழைப்பேன், குழுவாகச் செயல்படுவேன். தங்கள் துறையில் சேர்ந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன். ஒரு வாய்ப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

என்னை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு என்னதான் எழுதுவது? எதை மாற்றாமல் வைக்கலாம், எதை மாற்ற வேண்டும்? எங்கள் ஸ்டோர்ஸ் சாரிடம் முதலில் சொல்ல வேண்டுமா, கிடைத்த பிறகு சொன்னால் போதுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பத்து அக்கா

தங்கச்சி, நான் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் எச்ஆர் பிரிவில் 14 வருஷம் இருந்தவள். உள்ளிருந்து வரும் விண்ணப்பம் நிறையப் படித்திருக்கிறேன்.

பெயர் மாறாமல் போனதை நினைத்து இவ்வளவு வருத்தப்படாதே. அந்தக் கடிதத்தில் துறை பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கேன்டீன் வேலைக்கும் பொருந்தும், கணக்குப் பிரிவுக்கும் பொருந்தும். பெயர் ஒன்றை மட்டும் மாற்றி அனுப்பக்கூடிய கடிதம் என்பதால்தான் பெயர் மாறாதது உன் கண்ணிலும் படவில்லை. நன்றாக எழுதிய கடிதமாக இருந்திருந்தால் தப்பான பெயர் வாசிக்கும்போதே உறுத்தியிருக்கும்.

வெளியிலிருந்து வருகிறவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உன் விஷயம் அப்படியில்லை. உன் பைல் எங்களிடமே இருக்கிறது. எந்த வருஷம் சேர்ந்தாய், எத்தனை நாள் லீவு, அப்ரைசலில் என்ன வந்தது, எந்த டிரெயினிங் முடித்தாய், எல்லாம் அதில் உண்டு. கடிதத்தில் திரும்ப அதையே எழுதினால் படிக்கிறவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. பைலில் இல்லாத ஒன்றைத்தான் கடிதம் சொல்ல வேண்டும்: நீ செய்கிற வேலை அந்தத் துறையின் மேஜையில் எங்கே போய் விழுகிறது, அங்கே இருப்பவர்களுக்கு அதனால் என்ன நடந்தது.

சாரிடம் கட்டாயம் முதலில் சொல். பல கம்பெனிகளில் இப்போதைய மேலாளருக்குத் தெரியாமல் விண்ணப்பம் நகரவே நகராது, கையெழுத்தோ ஒப்புதலோ கேட்பார்கள். அப்படி விதி இல்லாத இடத்திலும், அந்தத் துறைக்காரர் உன் சாரைக் கேன்டீனில் பார்த்து "உங்கள் பெண் எங்களிடம் போட்டிருக்கிறாளே, எப்படி?" என்று கேட்டுவிடுவார். அவர் காதுக்கு அது அப்படிப் போகக் கூடாது. இப்போதைய பதவியில் குறைந்தது இத்தனை மாதம் இருந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதா என்பதையும் அறிவிப்பில் பார்த்துக்கொள்.

இப்போது ஒரு கேள்வி. இந்த இரண்டு மூன்று வருஷத்தில் நீ செய்த எந்த வேலையை வேறு துறைக்காரர்கள் வந்து விசாரித்தார்கள், அல்லது நன்றி சொன்னார்கள்?

மஞ்சக்குப்பம்

லெட்டரை எல்லாம் யார் படிக்கிறார்கள்? நேராக அந்தத் துறை மேனேஜரைப் பார்த்துப் பேசுங்கள், அதுதான் வேலைக்கு ஆகும்.

நெல்லிக்குப்பத்து அக்கா

பேச வேண்டும்தான் தம்பி, அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேர்வு செய்ய உட்காருகிறவர்கள் இரண்டு மூன்று பேர். மேனேஜரிடம் பேசியது மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்கள் கையில் இருப்பது கடிதம் மட்டும்தான். மேனேஜர் உனக்காக வாதாட நினைத்தாலும் எடுத்துக் காட்ட அதில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

முதுநகர் ஸ்டோர்ஸ்

நன்றி அக்கா. யோசித்துப் பார்த்தேன். ஒன்றுதான் சட்டென்று நினைவுக்கு வருகிறது, அது கடிதத்தில் எழுதுகிற விஷயமா என்று தெரியவில்லை.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்த சனிக்கிழமை. இரண்டாவது ஷிப்டில் இருந்தோம், யாராலும் வீட்டுக்குப் போக முடியவில்லை. லோடிங் பே வழியாகத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. க்வாரன்டைன் பகுதிதான் (பரிசோதனை முடியாத பொருளைத் தனியே வைக்கும் இடம்) தாழ்வு, அங்கே இருந்த 38 பேலட்டையும் (சரக்கு அடுக்கும் பலகை) நாங்கள் 4 பேர் மேலே நகர்த்தினோம். அப்ரூவ் ஆன பொருள் இருக்கும் பக்கம்தான் இடம் இருந்தது, அதனால் நடுவில் கயிறு கட்டிப் பிரித்து, ஒவ்வொரு பேலட்டும் எங்கிருந்து எங்கே போனது என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். க்வாரன்டைன் பொருளில் ஒட்டிய மஞ்சள் லேபிள் ஒன்றுகூடத் தொலையவில்லை. ஞாயிறு முழுக்க எண்ணிச் சரிபார்த்தோம்.

திங்கட்கிழமை தென்பெண்ணையில் வெள்ளம், கடலூர் வேனே வரவில்லை. அரசூரில் ரோட்டுக்கு மேல் தண்ணீர் போய் திருச்சி நெடுஞ்சாலை நின்றுவிட்டதால் எங்களுக்கு வர வேண்டிய 2 லாரியும் வழியில் மாட்டிக்கொண்டது. பிளானிங் சார் வீட்டிலிருந்து போன் செய்தார், கையில் இருக்கும் அப்ரூவ்ட் ஸ்டாக்கை வைத்து எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரிக்கும் மருந்துத் தொகுதி) ஓட்டலாம் என்று பார்த்து 7 மணிக்குப் பட்டியல் அனுப்பினேன். அன்றைக்கு 3 பேட்ச் ஓடியது. லாரிக்காரர்கள் இருவரிடமும் சப்ளையர்களிடமும் மாறி மாறிப் பேசியதும் நான்தான், பர்ச்சேஸில் யாரும் வந்து சேரவில்லை.

எல்லாரும் சேர்ந்து செய்ததுதானே, நான் செய்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்குமா?

வில்லியனூர் க்யூஏ

இதை வைத்துக்கொண்டா கடிதத்தில் எழுத ஒன்றும் இல்லை என்றீர்கள்? நான் வேறொரு மருந்துக் கம்பெனியில் க்யூஏவில் இருக்கிறேன். உங்களுடைய 3 கடிதமும் இந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கிறது. எந்தத் துறைக்கு எழுதுகிறீர்களோ அந்த முனையைப் பிடித்துத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

க்யூஏவுக்கு எழுதினால் நகர்த்தியதன் பதிவுதான் விஷயம். இன்னும் பாஸ் ஆகாத பொருளை அப்ரூவ்ட் பொருள் பக்கம் கொண்டுபோவது எங்கள் கண்ணுக்குப் பெரிய ஆபத்து. நீங்கள் பிரித்து வைத்து, அந்த நேரத்திலேயே எழுதி, லேபிள் போகாமல் பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்கு டீவியேஷன் (வழக்கமான முறையிலிருந்து விலகியதற்கான பதிவு) போட்டீர்களா? போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். 2023 டிசம்பரில் திருத்தப்பட்ட ஷெட்யூல் எம் (மருந்துத் தயாரிப்புக்கான தர விதிகள்) அறிவிப்பு வந்ததிலிருந்து எல்லாக் கம்பெனியிலும் ஆவண வேலைக்கு அழுத்தம் கூடியிருக்கிறது, செய்ததைச் செய்த நேரத்திலேயே எழுதுகிற பழக்கம் உள்ளவர்களைத்தான் தேடுகிறோம். அந்தப் பழக்கத்தை ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆகிறது.

பிளானிங்குக்கு எழுதினால் அந்த 7 மணிப் பட்டியலும் 3 பேட்ச்சும். கயிறு கட்டியதெல்லாம் அங்கே ஒரு வரிக்கு மேல் வேண்டாம். பர்ச்சேஸுக்கு என்றால் லாரியும் சப்ளையரும்: யார் போனை எடுத்தார்கள், யார் மாற்றுவழி சொன்னார்கள், என்ன முடிவானது.

கூட இருந்தவர்களை மறைக்க வேண்டாம். "நாங்கள் 4 பேர் நகர்த்தினோம், பதிவு என் பொறுப்பு" என்று எழுதினால் உண்மையும் நிற்கும், உங்கள் பங்கும் தெரியும்.

நெல்லிக்குப்பத்து அக்கா

வில்லியனூர் தம்பி சொன்னதை அப்படியே பிடித்துக்கொள். மாற்றி எழுதக்கூடிய கடிதம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். புயல் மாதிரி இன்னும் 5, 6 சம்பவத்தை ஒரு நோட்டில் எழுதி வை, ஒவ்வொன்றிலும் எண்ணும் நாளும் இருக்கட்டும். காலியிடம் வரும்போது அதிலிருந்து 2 எடுத்துக் கோத்தால் போதும், முழுக்கடிதத்தையும் புதிதாக எழுத வேண்டியதில்லை.

மாறாமல் நிற்கக்கூடியது உண்மையில் கொஞ்சம்தான். நீ யார், ஊழியர் எண் என்ன, இப்போது என்ன பொறுப்பு, இது 2 வரி. வேலையை எப்படி ஒப்படைத்துவிட்டு வருவாய் என்பது இன்னொரு 2 வரி. இந்தப் பகுதிகளில் துறை பெயரை எழுதவே எழுதாதே, "இந்தப் பணி" என்று மட்டும் போடு. துறை பெயரும் காலியிட எண்ணும் பொருள் வரியிலும் முதல் பத்தியிலும் மட்டும் வரட்டும். அப்புறம் போன முறை நடந்தது திரும்ப நடக்க வழியே இல்லை. இருந்தாலும் அனுப்பும் முன் கன்ட்ரோல் எஃப் போட்டு மற்ற துறைகளின் பெயரைத் தேடிப் பார்த்துவிடு.

மொத்தம் ஒரு பக்கத்துக்குள் முடி. "தாழ்மையுடன்", "ரெஸ்பெக்டட் சார்", "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" எதுவும் வேண்டாம், கம்பெனிக்குள் தினமும் மெயில் போடுகிறாயே, அந்த மரியாதை போதும். ஸ்டோர்ஸில் குறைவான சம்பளம், முன்னேற்றமே இல்லை என்கிற பேச்சு ஒரு வரிகூட வரக் கூடாது. அதைப் படிக்கிறவர் நாளைக்கும் உன் சாரோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்.

இன்னொன்று. மூன்றுக்கும் போடாதே. எல்லாமே ஒரே எச்ஆர் ஆளிடம்தான் போகும், அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒன்றில் "பர்ச்சேஸ்தான் என் நீண்டநாள் விருப்பம்" என்றும் இன்னொன்றில் "பிளானிங்தான்" என்றும் இருந்தால் இரண்டும் பொய்யாகத் தெரியும். மனதுக்கு நெருக்கமான 2 இடம் எது?

முதுநகர் ஸ்டோர்ஸ் (சனி மாலை)

பிளானிங்கும் க்யூஏவும். லாரிக்காரர்களோடு பேரம் பேசுவது எனக்கு உண்மையில் பிடிக்கவில்லை, எழுத உட்கார்ந்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

இன்றைக்குச் சாரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாதக் கடைசி ஸ்டாக் கணக்கு முடிந்த பிறகு போ, ஜி.ஆர்.என். (வந்த பொருளுக்கு வரவுச்சீட்டு போடும்) வேலையை இன்னொருவருக்குப் பழக்கிவிட்டுப் போ என்றார். டீவியேஷனும் அன்றைக்கே போட்டது நினைவிருக்கிறது.

பிளானிங் கடிதம் இப்படி வந்திருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் போடுகிறேன்:

"பிளானிங் பிரிவின் காலியிடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். 2024 டிசம்பர் 2 காலை, வெள்ளத்தால் 2 லாரி வராத நிலையில், கையிருப்பில் இருந்த அப்ரூவ்ட் பொருட்களை வைத்து ஓட்டக்கூடிய பேட்ச்களின் பட்டியலை 7 மணிக்கு உங்கள் பிரிவுக்கு அனுப்பினேன். அன்று 3 பேட்ச் ஓடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே பட்டியலை அனுப்பி வருகிறேன். பொருள் கைக்கு வந்த பிறகு கணக்குப் பார்ப்பது என் இப்போதைய வேலை. அது வருவதற்கு முன்பே பார்க்கும் வேலையைச் செய்ய விரும்புகிறேன். தேர்வானால், மாதக் கடைசி ஸ்டாக் கணக்கை முடித்து, ஜி.ஆர்.என். பணியை இன்னொருவருக்குப் பழக்கிய பின் இந்தப் பணியில் சேர முடியும். இது குறித்து என் மேலாளரிடம் பேசியிருக்கிறேன்."

சரியா?

வில்லியனூர் க்யூஏ

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அனுப்புகிறீர்களா! அதை முதலில் சொல்லவே இல்லையே. புயலைவிட அதுதான் பெரிது, ஒரு நாள் செய்ததை வழக்கமாக்கியிருக்கிறீர்கள். க்யூஏ கடிதத்திலும் அப்படி வழக்கமாகச் செய்கிற ஒன்று இருந்தால் சேருங்கள்.

நெல்லிக்குப்பத்து அக்கா

இந்தக் கடிதத்தில் துறை பெயரை மாற்றிப் பார், வேறு எங்கும் பொருந்தாது. எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஊழியர் எண்ணை மட்டும் விட்டுவிட்டாய், சேர்த்துவிடு. போர்ட்டலில் பெட்டிக்குள் ஒட்டச் சொன்னால் முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்து ஒட்டு, இல்லையென்றால் வரி வரியாகச் சிதறிப்போகும். பைல் பெயரில் "புதுசு பைனல் 2" என்றெல்லாம் இருக்க வேண்டாம், உன் பெயரும் காலியிட எண்ணும் போதும்.

முதுநகர் ஸ்டோர்ஸ் (அடுத்த வெள்ளி)

செவ்வாய்க்கிழமையே இரண்டையும் அனுப்பிவிட்டேன் அக்கா. க்யூஏ கடிதத்தில் தினமும் சாயங்காலம் க்வாரன்டைன் லேபிளைச் சரிபார்த்து எழுதுவதைச் சேர்த்தேன். பிளானிங்கிலிருந்து திங்கட்கிழமை காலை 11 மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த 7 மணிப் பட்டியலை பிரின்ட் எடுத்துக் கையில் கொண்டுபோகலாமா?

வில்லியனூர் க்யூஏ

பிரின்ட் வேண்டாம். மெயில் போன தேதியையும் அந்த 3 பேட்ச் எண்ணையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். கேட்டால் அங்கேயே சிஸ்டத்தில் திறந்து காட்டலாம்.